லிஸ்பனைச் சுற்றி கேம்பர்வேனில் நாலைந்து நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பன், டேகஸ் ஆறு அட்லாண்டிக்கில் கலக்கும் இடத்தில் இருக்கிறது. ஊரை விட்டு முக்கால் மணி நேரம் வண்டி ஓட்டினால் போதும். மலையோ கடலோ மீன்பிடித் துறையோ ஏதாவது ஒன்று வந்துவிடும். அங்கே கேம்பர்வேன், அதாவது உள்ளேயே படுக்கையும் அடுப்பும் உள்ள வண்டி, வாடகைக்கு எடுத்துச் சுற்ற நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. லண்டன், பாரிஸ், சூரிச் பக்கமிருந்து சனி ஞாயிறோடு இரண்டு நாள் லீவு சேர்த்து வருகிறவர்களையும், சென்னையிலிருந்து விசா எடுத்து வருகிறவர்களையும் மனதில் வைத்து எழுதியது.

நாலைந்து நாளில் எவ்வளவு தூரம் போய் வரலாம்?

நீங்கள் போட்டு வைத்திருக்கும் திட்டத்தில் பாதி. வடக்கே போர்த்தோ, தெற்கே அல்கார்வ், நடுவில் சிந்த்ரா என்று எல்லாவற்றையும் ஐந்து நாளுக்குள் திணிக்கும் பட்டியல்கள் இணையத்தில் நிறையக் கிடைக்கும். அவற்றின்படி போனால் நெடுஞ்சாலையையும் பெட்ரோல் பங்க்கையும்தான் நன்றாகப் பார்ப்பீர்கள். முதல் நாள் வண்டியை வாங்கி, ஒவ்வொரு ஸ்விட்சும் எதற்கென்று கேட்டுக்கொண்டு, சாமான் வாங்கிக் கிளம்பவே மதியம் தாண்டிவிடும். கடைசி நாள் தொட்டிகளைக் காலி செய்து, வண்டியைக் கூட்டித் திருப்பிக் கொடுப்பதில் கரையும். நடுவில் மிஞ்சுவது மூன்று முழு நாள். ஒரு நாளைக்கு 60 அல்லது 70 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டாமல் இருந்தால்தான், வண்டிக்குள்ளேயே வீடு இருப்பதன் சுகம் கைக்குக் கிடைக்கும்.

அதனால் முதல் முடிவு: லிஸ்பனுக்கு வடக்கே போவதா, தெற்கே போவதா. இரண்டில் ஒன்று. இரண்டும் வேண்டுமென்றால் இன்னொரு முறை வாருங்கள்.

வடக்கா, தெற்கா? எப்படி முடிவு செய்வது?

காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அழகில் இரண்டும் சளைத்தவை இல்லை.

கோடையில் அசோர் தீவுகளுக்கு அருகே அட்லாண்டிக் மேல் ஓர் உயர் அழுத்த மண்டலம் உட்கார்ந்துகொள்ளும். அதே நேரம் ஸ்பெயினின் உள்நிலம் வெயிலில் காய்ந்து, அங்கே அழுத்தம் குறையும். இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட போர்ச்சுகல் கரை நெடுக வடக்கிலிருந்து காற்று அடிக்கும். ஊர்க்காரர்கள் இதை நொர்த்தாதா என்பார்கள். காலையில் சாதுவாக இருக்கும். மதியத்துக்கு மேல் மணலை வாரி முகத்தில் அடிக்கும். மேற்கைப் பார்த்த கரைகளான கின்ஷு, எரிசெய்ரா, பெனீஷ் எல்லாம் இந்தக் காற்றுக்கு நேராகத் திறந்து கிடப்பவை. காற்றாடிப் பலகையில் ஏறிக் கடலில் பறப்பவர்களுக்கு அது கொண்டாட்டம். வெயில் காயலாம் என்று பாய் விரித்தவர்களுக்கு வயிற்றெரிச்சல்.

தெற்கே அராபிதா மலை கிழக்கு மேற்காகக் கடலோரம் நீண்டு கிடக்கிறது. அதன் கடற்கரைகள் தெற்கு நோக்கியவை. வடக்குக் காற்றை மலையே முதுகில் வாங்கிக்கொள்வதால் கீழே தண்ணீர் குளம்போல் கிடக்கும். ஆகவே ஜூலை, ஆகஸ்டில் குழந்தைகளோடு வருகிறவர்கள் தெற்கே போகலாம். அக்டோபரிலிருந்து மார்ச் வரை பெரிய அலை பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு வடக்கு. மே, ஜூன், செப்டம்பரில் எந்தப் பக்கம் போனாலும் நஷ்டமில்லை.

எந்த மாதம் நல்லது?

செப்டம்பர். கடல் அப்போதுதான் உள்ளதில் கொஞ்சம் சூடு; பள்ளிகள் திறந்துவிடுவதால் கூட்டம் கலைந்திருக்கும்; வாடகையும் இறங்கும். மே மாதமும் நல்லதுதான், காட்டுப்பூக்கள் நிறைந்திருக்கும், ஆனால் இரவில் குளிரும். ஆகஸ்டில் உள்ளூர்க்காரர்களே விடுமுறையில் கடற்கரைக்கு வந்துவிடுவார்கள். வண்டியை நிறுத்தி இரவு தங்கக் காசு வாங்கி இடம் தரும் கேம்ப்சைட்டில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. டிசம்பரில் வண்டி மலிவு. ஆனால் ஐந்தேகால் மணிக்கே சூரியன் மறைந்துவிடும். அதற்குப் பிறகு தூங்கும்வரை ஆறு சதுர மீட்டருக்குள் குடும்பம் மொத்தமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சில தம்பதிகளுக்கு இது ஒத்துவரும்.

எந்த அளவு வண்டி எடுக்கலாம்?

இரண்டு பேர் என்றால் ஃபோக்ஸ்வாகன் கலிஃபோர்னியா மாதிரியான தாழ்ந்த வண்டி போதும். உயரம் இரண்டு மீட்டருக்குள் இருப்பதால் சாதாரணக் காரைப்போலவே ஓட்டலாம். வண்டிக்குள் நிமிர்ந்து நிற்க வேண்டும், கழிப்பறை வேண்டும் என்றால் ஃபியட் டுகாட்டோ வகை. இதன் நீளம் ஏறக்குறைய 5.4 முதல் 6 மீட்டர், உயரம் இரண்டரை மீட்டருக்கு மேல். கடற்கரை கார் நிறுத்துமிடங்கள் பலவற்றில் வாசலுக்கு மேலே இரண்டு மீட்டர் உயரத்தில் ஒரு இரும்புக் கம்பி போட்டு வைத்திருப்பார்கள். உங்களைப் போன்றவர்கள் உள்ளே வரக்கூடாது என்றே போட்ட கம்பி அது. வாடகைக்காரரிடம் கேட்டு வண்டியின் உயரத்தை ஒரு காகிதத்தில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். சாய்ந்து நின்று எட்டிப் பார்த்துக் கணக்குப் போடுகிற வேலை வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: நாலு பேர் தூங்கலாம் என்று விளம்பரம் சொன்னால், நாலு சீட் பெல்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். படுக்கைக் கணக்கும் பெல்ட் கணக்கும் ஒன்றாக இருப்பதில்லை.

இந்திய லைசென்ஸ் செல்லுமா? விசா எப்படி?

ஐரோப்பிய ஒன்றிய நாட்டு லைசென்ஸோ பிரிட்டன் லைசென்ஸோ இருந்தால் கவலையில்லை. மூன்றரை டன் வரையிலான வண்டியைச் சாதாரணக் கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம். இந்திய லைசென்ஸ் என்றால், கிளம்புமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அது ஓராண்டு செல்லும். அசல் லைசென்ஸையும் கூடவே கொண்டுவர வேண்டும். அனுமதிப் புத்தகம் மட்டும் இருந்தால் சாவியைக் கையில் கொடுக்க மாட்டார்கள். குறைந்தபட்ச வயது, எத்தனை வருட அனுபவம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு.

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா தேவை. பிரிட்டனில் வசிக்கும் உரிமை மட்டும் இருந்தால் போதாது, அவர்களும் விசா எடுக்க வேண்டும். பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து வதிவிட அட்டை இருப்பவர்கள் அந்த அட்டையையும் பாஸ்போர்ட்டையும் காட்டி வரலாம். விசா மனுவில் தங்குமிடத்துக்குச் சான்று கேட்பார்கள். வண்டியிலேயே தூங்குவோம் என்று எழுதி விட்டுவிடாமல், வண்டி வாடகை ஒப்பந்தத்தோடு கேம்ப்சைட் முன்பதிவு ரசீதுகளையும் இரவுவாரியாக இணையுங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

லிஸ்பன் ஊருக்குள் இந்த வண்டியை ஓட்டலாமா?

வேண்டாம்.

சட்டம் ஊர் முழுக்கத் தடுக்கவில்லை; நடுநகரில் பழைய வண்டிகளுக்கும், சில பழைய குடியிருப்புகளில் வெளியார் வண்டிகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. ஆனால் அல்ஃபாமா, மொராரியா பக்கத்துத் தெருக்கள் கழுதை போவதற்குப் போட்டவை. செங்குத்தான ஏற்றம், தேய்ந்து வழுவழுவென்றான கல் பாவிய தரை, எதிரே மஞ்சள் டிராம், இரண்டு பக்கமும் சுவரோடு ஒட்டிய கார்கள். கியர் வண்டியில் ஏற்றத்தில் நின்று ஹேண்ட்பிரேக்கை விடுவித்துக் கிளம்பும் பரீட்சையை அங்கே எழுதிப் பார்க்க வேண்டாம்.

ஊரை முதலில் பார்த்துவிடுங்கள். ஒன்றிரண்டு நாள் அறை எடுத்துத் தங்கி, நடந்தும் மெட்ரோவிலும் சுற்றிவிட்டு, அதற்குப் பிறகு வண்டி எடுங்கள். வாடகைக்கு எடுத்த வண்டியைச் சும்மா நிறுத்தி வைத்துக் காசு கட்டுகிற செலவும் மிச்சம். வண்டி ஏற்கெனவே கையில் இருந்தால், ஊரின் மேற்கு விளிம்பில் மொன்சாந்து காட்டுப் பூங்காவுக்குள் பெரிய கேம்ப்சைட் ஒன்று இருக்கிறது. அங்கே விட்டுவிட்டுப் பஸ்ஸில் போகலாம். ஆற்றின் தென்கரையில் தங்கினால் கசில்யாஷ் துறையிலிருந்து படகு பத்து நிமிடத்தில் நகரின் நடுவே கொண்டுபோய் இறக்கிவிடும். அந்தப் படகிலிருந்து பார்க்கும் லிஸ்பன், காசு கொடுத்து ஏறும் எந்த உல்லாசப் படகிலிருந்து பார்ப்பதற்கும் குறைந்ததில்லை.

ஊரில் இருக்கும்போது ஒரு விஷயத்தை நினைத்துக்கொள்ளலாம்: தமிழ் மொழி முதன்முதலில் அச்சேறிய ஊர் இதுதான். 1554இல் லிஸ்பனில் அச்சான கிறிஸ்தவ சமயச் சிறுநூலில் தமிழ் ரோமன் எழுத்தில் அச்சிடப்பட்டது. தமிழ் எழுத்திலேயே அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் வெளிவந்தது அதற்கு 24 ஆண்டு கழித்து, 1578இல்.

கடலைப் பார்த்து எங்காவது நிறுத்தி அங்கேயே தூங்கலாமா? படங்களில் எல்லாம் அப்படித்தானே இருக்கிறது?

படங்களை நம்பாதீர்கள். அதிகம் பேர் அபராதம் கட்டுவது இதில்தான்.

போர்ச்சுகலில் 2021 தொடக்கத்தில் வந்த விதி, அனுமதித்த இடங்களைத் தவிர வேறெங்கும் வண்டியில் இரவு தங்கக் கூடாது என்றது. எதிர்ப்புக் கிளம்பியதால் அதே ஆண்டு ஆகஸ்டில் தளர்த்தினார்கள். இப்போதைய நிலை இதுதான்: ஒரே நகராட்சி எல்லைக்குள் 48 மணி நேரம் வரை தங்கலாம். ஆனால் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளிலும், கடலோரத் திட்டத்துக்குள் வரும் பகுதிகளிலும், அதற்கென்று ஒதுக்கிய இடங்களைத் தவிர வேறெங்கும் கூடாது. இரவு 9 மணியிலிருந்து காலை 7 மணி வரை ஆள் உள்ளே இருந்தால் அது இரவுத் தங்கல். அபராதம் 60 யூரோவிலிருந்து தொடங்கும்; பாதுகாக்கப்பட்ட பகுதி என்றால் 120இலிருந்து 600 வரை.

இப்போது வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கஷ்காய்ஷுக்கு மேற்கேயும் வடக்கேயும் இருக்கும் கரை சிந்த்ரா-கஷ்காய்ஷ் இயற்கைப் பூங்கா. தெற்கே அராபிதா இன்னொரு இயற்கைப் பூங்கா. ஆக, நீங்கள் ஆசைப்பட்டு நிறுத்த நினைக்கும் மலைமுகடு எல்லாமே தடைக்குள் வந்துவிடுகிறது. செயலிகளில் யாரோ ஒருவர் ‘அருமையான இடம், யாரும் தொந்தரவு செய்யவில்லை’ என்று எழுதியிருப்பார். அவர் வந்துபோனது ஜனவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமையாக இருக்கும். நீங்கள் போகிற ஆகஸ்ட் சனிக்கிழமை அதிகாலையில் போலீஸ் வந்து ஜன்னலைத் தட்டும்.

கேம்ப்சைட்டுக்குப் போங்கள். வெந்நீர், மின்சாரம், கழிவுத் தொட்டி காலி செய்யும் வசதி, பாதுகாப்பு எல்லாம் ஒரே இடத்தில். பல ஊர்களில் கேம்பர்வேன்களுக்கென்றே சேவைப் பகுதிகளும் உண்டு. மரமோ புல்லோ இருக்காது, ஆனால் மலிவு. பகலில் கடலைப் பார்த்து நிறுத்திக் காபி போட்டுக் குடிப்பதை யாரும் தடுக்கப்போவதில்லை. மேசை நாற்காலியை வெளியே போட்டு, நிழற்துணியை விரித்து, சட்டை காயப்போட்டால்தான் அது முகாம் அடித்ததாகிவிடும்.

வடக்குப் பாதையை நாள்வாரியாகச் சொல்ல முடியுமா?

முதல் நாள் வண்டி எடுத்து கஷ்காய்ஷ் தாண்டி கின்ஷு. லிஸ்பனிலிருந்து 35 கிலோமீட்டர் இருக்கும். மணல் மேடுகளுக்குப் பின்னால் பைன் மரங்களுக்கு நடுவே கேம்ப்சைட் இருக்கிறது; மரங்கள் காற்றைத் தடுக்கும்.

இரண்டாம் நாள் என்247 (N247) எண் சாலை. ஐரோப்பியப் பெருநிலத்தின் மேற்கு முனையான காபோ ட ரோகாவுக்குச் சீக்கிரமே போய்விடுங்கள். பத்து மணிக்குச் சுற்றுலாப் பஸ்கள் வரிசைகட்டத் தொடங்கும். பாறை கடலுக்கு மேலே 140 மீட்டர் உயரம், வேலியைத் தாண்டி படம் எடுப்பவர்களைப் பார்த்தால் நமக்கே கால் கூசும். வண்டியின் மூக்கைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி நிறுத்திவிட்டுக் கதவைத் திறங்கள், அதுவும் ஒரு கையால் பிடித்துக்கொண்டு. பின்னாலிருந்து காற்று வந்தால் கதவை ஒரே இழுப்பில் முன்பக்கமாக மடக்கிவிடும். கீல் வளைந்தால் டெபாசிட் போயிற்று. அங்கிருந்து பாறை விளிம்பில் வெள்ளை வீடுகள் தொற்றிக்கொண்டிருக்கும் அசெஞ்யாஷ் டு மார் ஊரைப் பார்த்துக்கொண்டு எரிசெய்ரா. அலைச்சறுக்குக்காரர்களின் ஊர், 2011இல் உலக அலைச்சறுக்குக் காப்பகமாக அறிவித்தார்கள். 1910இல் குடியரசுப் புரட்சி வெடித்தபோது கடைசி அரசர் இரண்டாம் மானுவல் இந்த ஊர்க் கடற்கரையிலிருந்துதான் படகேறி நாட்டை விட்டுப் போனார்.

மூன்றாம் நாள் பெனீஷ், 55 கிலோமீட்டர். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இந்த ஊரின் கோட்டை, சர்வாதிகாரி சலசார் ஆட்சியில் அரசியல் கைதிகளின் சிறை. கம்யூனிஸ்ட் தலைவர் ஆல்வாரு குன்யால் உள்ளிட்ட பத்துப் பேர் 1960 ஜனவரி 3 அன்று இங்கிருந்து தப்பினார்கள். இப்போது அருங்காட்சியகம். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், கடற்கரையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

நாலாம் நாள் ஒபிதுஷ் அல்லது நசாரே. ஒபிதுஷ் முழு ஊரும் மதில் சுவருக்குள். சுவர் மேல் ஏறி நடக்கலாம், ஆனால் ஊர்ப்பக்கம் கைப்பிடி கிடையாது. ஓடி ஆடும் வயதுப் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். நசாரேயிலிருந்து ஏ8 நெடுஞ்சாலையில் லிஸ்பன் 120 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம்.

சிந்த்ராவை விட்டுவிட்டீர்களே?

வேண்டுமென்றே. 1995இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் ஊர், பார்க்க வேண்டிய ஊர்தான். ஆனால் கேம்பர்வேனுக்கு எதிரி. பழைய ஊரின் சாலைகள் குறுகல், மலைமேல் இருக்கும் பேனா அரண்மனைக்கு ஏறும் வழியில் வெளியூர்க் கார்களை விடுவதில்லை. லிஸ்பனின் ரொசியு நிலையத்திலிருந்து ரயிலில் 40 நிமிடம். அங்கிருந்து 434 எண் பஸ் மேலே கொண்டுபோய் விடும். வண்டி எடுப்பதற்கு முன்பாக, லிஸ்பனில் தங்கும் நாட்களிலேயே முடித்துவிடுங்கள். அரண்மனைக்குள் நுழைய நேரம் குறித்த டிக்கெட், முன்பே வாங்கிவிடுங்கள். லிஸ்பனில் வெயில் கொளுத்தும் நாளிலும் மலைமேல் மேகம் மூடிக் குளிரலாம், ஸ்வெட்டர் இருக்கட்டும்.

நசாரேயில் எப்போது போனாலும் ராட்சத அலை இருக்குமா?

இருக்காது. கோடையில் போனவர்கள் ‘இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்’ என்று திரும்பியிருக்கிறார்கள். ஊருக்கு எதிரே கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு, கரைக்கு மிக அருகிலிருந்து தொடங்கி 200 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு, ஐயாயிரம் மீட்டர் ஆழம் வரை இறங்குகிறது. தொலைவிலிருந்து வரும் அலை ஆழமான பள்ளத்தாக்கின் வழியே வேகம் குறையாமல் ஓடிவரும். பக்கத்துத் திட்டின் மேல் வரும் அலையோ தரை தட்டி மெதுவாகும், திசையும் திரும்பும். வடக்குக் கடற்கரையான ப்ரையா டு நோர்த் எதிரே இரண்டும் சந்தித்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்போது எழுவதுதான் அந்தச் சுவர். 2011இல் கேரட் மெக்நமாரா இங்கே 23.8 மீட்டர் அலையில் சறுக்கிய பிறகுதான் உலகம் இந்த ஊரைத் திரும்பிப் பார்த்தது. 2020 அக்டோபரில் செபாஸ்டியன் ஸ்டாய்ட்னர் சறுக்கிய அலை 26.21 மீட்டர், கின்னஸ் பதிவு.

அக்டோபரிலிருந்து மார்ச் வரை அட்லாண்டிக்கில் புயல் கிளம்பிய ஓரிரு நாளில்தான் இது நடக்கும். அலை முன்னறிவிப்பைப் பார்த்து, கலங்கரை விளக்கம் இருக்கும் கோட்டைப் பக்கம் போய் நில்லுங்கள். அப்படிப்பட்ட நாளில் மேல் ஊருக்குள் வண்டியைத் திருப்பக்கூட இடம் இருக்காது. கீழே விட்டுவிட்டு, 1889இல் தொடங்கிய இழுவை ரயில் ஓடினால் அதில் ஏறுங்கள்.

தெற்குப் பாதை?

ஏப்ரல் 25 பாலத்தில் தொடங்குகிறது. 1966இல் திறந்தபோது அதன் பெயர் சலசார் பாலம். 1974 புரட்சிக்குப் பிறகு பெயர் மாறியது. உள்பக்க ஓடுபாதைகளில் தரைக்குப் பதில் இரும்புச் சட்டம். டயர் அதன்மேல் ஏறியதும் வண்டி முழுக்க ரீங்காரம் எழும். பழகாதவர்கள் டயர் பஞ்சர் என்று பயந்துவிடுவார்கள். உயரமான வண்டியைக் காற்று தள்ளும், வேகத்தைக் குறைத்து ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடியுங்கள்.

முதல் இரவு கோஷ்தா ட கபரிகா அல்லது மெக்கோ பக்கம். மறுநாள் காபோ எஷ்பிஷெல்: ஆளரவமற்ற முனையில் ஒரு மாதா கோயில், இருபக்கமும் யாத்ரீகர் தங்கிய நீண்ட கட்டடங்கள், கீழே பாறைச் சரிவில் டைனோசர் கால்தடங்கள். காபோ ட ரோகாவின் கூட்டத்தில் கால்வாசி இங்கே இல்லை, எனக்கு இதுதான் பிடிக்கும். அங்கிருந்து செசிம்ப்ராவுக்கு இறங்கி மீன் சாப்பிடுங்கள்.

மூன்றாம் நாள் அராபிதா மலைமுகட்டுச் சாலை. கீழே கடற்கரைக்குப் போகும் சாலையில் கோடையில் சொந்த வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. செதூபலில் வண்டியை விட்டுப் பஸ்ஸில் போவது புத்திசாலித்தனம். செதூபலில் லிவ்ராமெந்து சந்தையைக் காலையில் பாருங்கள், நீல வெள்ளை ஓட்டுச் சித்திரங்களுக்குக் கீழே மீன் குவிந்திருக்கும். திங்கட்கிழமை போகாதீர்கள். ஊர்ச் சாப்பாடு, மாவில் புரட்டிப் பொரித்த கணவாய்.

நாலாம் நாள் செதூபலிலிருந்து வண்டியோடு படகேறி சாது ஆற்றின் கழிமுகத்தைக் கடந்து த்ரோயா. கழிமுகத்திலேயே வாழும் டால்பின் கூட்டம் ஒன்று உண்டு, தென்பட்டால் அதிர்ஷ்டம். கேஸ் சிலிண்டரைப் படகில் ஏறுமுன் மூடிவிடுங்கள். தெற்கே கொம்போர்தா நெல்வயல்கள், கம்பங்களின் மேல் நாரைக் கூடுகள். பக்கத்தில் கரஷ்கெய்ரா மீன்துறை: சேற்றில் குச்சிகளை நட்டு, மேலே பலகை அடித்து, வளைந்து வளைந்து ஓடும் நடைபாதைகள். அலை ஏற்ற நேரம் பார்த்துப் போங்கள், நீர் வடிந்துவிட்டால் படகுகள் சேற்றில் கிடக்கும். திரும்பும்போது அல்காசர் டு சால் வழியாக ஏ2 பிடித்து லிஸ்பன்.

சுங்கச்சாவடியில் என்ன செய்வது?

வண்டியின் கண்ணாடியில் மின்னணுக் கருவி பொருத்தித் தரச் சொல்லுங்கள். வியா வெர்த் என்ற பச்சைப் பாதை அந்தக் கருவி உள்ளவர்களுக்கு மட்டும். ஏ8இல் நுழையும்போது சீட்டு எடுத்து வெளியேறும்போது கட்டும் முறையும் உண்டு. இங்கே கட்டணம் வண்டியின் நீளத்தைப் பார்த்துப் போடுவதில்லை. முன்சக்கரத்துக்கு நேர் மேலே உயரம் 1.10 மீட்டருக்குக் குறைவா கூடுதலா என்பதுதான் முக்கியமான அளவு. டுகாட்டோ வகை வண்டிகள் பெரும்பாலும் இரண்டாம் வகுப்பில் விழும், கட்டணம் கூடும். லிஸ்பனின் இரண்டு பாலங்களிலும் ஊருக்குள் வரும் திசையில்தான் வசூல், வெளியே போக இலவசம்.

டீசல்?

காசோலியோ என்று எழுதியிருப்பதுதான் டீசல், காசோலினா பெட்ரோல். அவசரத்தில் மாற்றி ஊற்றினால் பயணம் அங்கேயே முடிந்தது. பெரிய சூப்பர்மார்க்கெட்டுகளை ஒட்டிய பங்க்குகளில் விலை குறைவு, நெடுஞ்சாலையில் அதிகம்.

சமையல் எப்படி? நம் சாப்பாடு கிடைக்குமா?

இரண்டு அடுப்பு, கையகல மேடை. சோறு, ரசம், முட்டைப் பொரியல் தாராளமாக முடியும். தாளிப்பை மட்டும் வண்டிக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். வெங்காயமும் கடுகும் வெடித்த வாசனை மெத்தையில் ஏறி, திருப்பிக் கொடுக்கும் நாள் வரை இறங்காது. சிறிய கேஸ் அடுப்பு ஒன்றைக் கூடுதலாகக் கேட்டு வாங்கி, கேம்ப்சைட்டில் மேசைமேல் வைத்துத் தாளியுங்கள். குக்கரும் எடுத்து வரலாம். ஆனால் காலை ஏழு மணிக்கு முதல் விசில் அடித்ததும் அக்கம்பக்கத்து வண்டிகளின் திரைச்சீலை ஒவ்வொன்றாக விலகும். ஜெர்மன் தாத்தா ஒருவர் தீயணைப்பானோடு வந்து நின்றாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

கொத்தமல்லிக்குப் பஞ்சமில்லை, போர்த்துக்கீசியர் அதைக் கட்டுக்கட்டாகப் போட்டுச் சமைப்பவர்கள். கடையில் கரோலினு என்று விற்கும் உள்ளூர் அரிசி குழைந்துவிடும்; பொங்கலுக்கும் தயிர்ச்சோற்றுக்கும் அது, மற்றதற்கு நீள அரிசி வாங்குங்கள். கறிவேப்பிலை, பச்சைமிளகாய், பருப்பு எல்லாம் லிஸ்பனில் மார்த்திம் மோனிஷ் சதுக்கத்தைச் சுற்றியுள்ள தெற்காசியக் கடைகளில். அங்கே வாங்கிக்கொண்டு கிளம்புங்கள், கடலோர ஊர்களில் தேடி அலைய வேண்டாம்.

மத்தி தின்பவர்களுக்கு ஜூனிலிருந்து அக்டோபர் வரை யோகம். கல் உப்பு மட்டும் தூவிக் கரியில் சுட்டதைத் தடித்த ரொட்டித் துண்டின் மேல் வைத்துத் தருவார்கள். மீனின் எண்ணெய் இறங்கிய அந்த ரொட்டியைக் கடைசியாகச் சாப்பிட வேண்டும். சைவர்கள் சூப்பைக்கூடக் கேட்டுவிட்டு வாங்குங்கள். கீரை சூப்பான கால்டு வெர்தில் மேலே ஒரு வில்லை பன்றித் தொத்திறைச்சி மிதக்கும்.

கோடையில் திறந்தவெளியில் நெருப்பு மூட்டக் கூடாது. காட்டுத்தீயால் அடிபட்ட நாடு, இதில் யாரும் இரக்கம் காட்ட மாட்டார்கள்.

கழிப்பறையைக் காலி செய்வது நம் வேலையா?

ஆமாம். பெட்டிபோல வெளியே இழுக்கும் தொட்டி. கேம்ப்சைட்டில் அதற்கென்று உள்ள தொட்டியில் ஊற்றிக் கழுவி, மருந்து ஊற்றித் திரும்பச் செருக வேண்டும். முதல் தடவை முகம் சுளிக்கும், மறுநாள் பழகிவிடும். நிறைவதற்கு முன்பே, தினமும் காலையில் காலி செய்தால் கனமும் இருக்காது, சிந்தவும் சிந்தாது. சாலையோரச் சாக்கடையில் ஊற்றுவது குற்றம். இந்தப் பகுதி ஊர்களில் கேம்பர்வேன்களின் மேல் வெறுப்பு வளர்ந்ததற்கு முக்கியக் காரணமும் இதுவே.

குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. 12 வயதுக்குக் குறைந்து, 135 சென்டிமீட்டருக்குக் குட்டையான பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம். வண்டியோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். வளைவுச் சாலைகளில் வாந்தி வரும் பிள்ளை என்றால் என்247ஐக் காலைச் சாப்பாட்டுக்கு முன் ஓட்டிவிடுங்கள்.

கடலில் குளிக்கலாமா?

குளிக்கலாம், பல்லைக் கடித்துக்கொண்டு. மேற்குக் கரையில் வடக்குக் காற்று மேல்நீரைத் தள்ளிவிட, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். ஆகஸ்டிலும் 20 டிகிரியைத் தொடாத நாட்களே அதிகம். நீச்சல் காவலர் இருக்கும் கடற்கரையில், பச்சைக் கொடி பறந்தால் இறங்குங்கள். மஞ்சள் என்றால் நீந்தக் கூடாது, காலை நனைத்துக்கொண்டு நிற்கலாம். சிவப்பு என்றால் கரையிலேயே இருங்கள். மெரினாவில் இழுத்துப் போகும் நீரைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

திருட்டுப் பயம் உண்டா?

ஆள்மேல் கைவைக்கும் பயம் குறைவு. நிறுத்திவிட்டுப் போன வண்டியை உடைப்பது உண்டு, அதுவும் காட்சிமுனைகளிலும் கடற்கரை நிறுத்துமிடங்களிலும். பக்கவாட்டில் வாடகைக் கம்பெனி பெயரும் அலைச்சறுக்குப் படமும் ஒட்டிய வண்டி, உள்ளே பாஸ்போர்ட்டும் லேப்டாப்பும் இருக்கிறது என்று எழுதி ஒட்டியதற்குச் சமம். முடிந்தால் படம் ஒட்டாத வண்டி கேளுங்கள். பாஸ்போர்ட், பணம், போன் மூன்றும் எப்போதும் உடம்போடு. இருவராக வந்தால் மாறி மாறி இறங்கிப் பாருங்கள். அவசர எண் 112.

திருப்பிக் கொடுக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

வாங்கும்போதே கவனிக்க வேண்டும். நாலு பக்கமும், கூரை விளிம்பும், சக்கர விளிம்பும், உள்ளே திரைச்சீலை கொக்கி வரைக்கும் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டில் கூரையும் கண்ணாடியும் டயரும் அடங்குமா என்று கேளுங்கள், பெரும்பாலும் விலக்கியிருப்பார்கள். கிரெடிட் கார்டில் பிடித்து வைக்கும் தொகை ஆயிரக்கணக்கில் போகலாம். கார்டின் வரம்பைப் பார்த்துக்கொண்டு விமானம் ஏறுங்கள். திருப்பும் நாளில் கேம்ப்சைட்டை விட்டுக் கிளம்புமுன்பே கழிப்பறைத் தொட்டி, கழுவிய நீர்த் தொட்டி இரண்டையும் காலி செய்துவிட வேண்டும், ஊருக்குள் வந்தபின் இடம் கிடைக்காது. டீசல் நிரப்பிய ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். சாவி கொடுக்கும்போது அங்கிருக்கும் ஆளையே கூடவே சுற்றிவரச் சொல்லி, எதுவும் பாக்கி இல்லை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ‘பிறகு மின்னஞ்சலில் அனுப்புகிறோம்’ என்றால் நின்ற இடத்திலிருந்து நகராதீர்கள்.